செம்பூரில் உன் அம்மா கட்டிய வீடு

சுடலைமாடசாமி துணை

செம்பூர், பம்பாய்
பார்த்திப வருஷம் ஆவணி மாதம் 10ந் தேதி
26-8-1945, ஞாயிற்றுக்கிழமை

என் அருமை மகன் பூலோகத்துக்கு அப்பா வெயிலுமுத்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி சண்முகவடிவும் ஒரு சொட்டுக்கூட நனையாமல் சுகமாக இருக்கிறோம், அதுபோல நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு மனசு ஆறும். ஆடி மாதம் நீ போட்ட கடிதம் முந்தாநாள் வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று மில்லில் சங்கு ஊதி ஆளுக்கு இரண்டு லட்டு கொடுத்தார்கள். உன் அம்மா லட்டைக் கையில்கூட வாங்காமல், "சங்கு ஊதுனது இருக்கட்டும், நம்ம பிள்ளைய எப்ப அனுப்புவாவ, அதக் கேட்டியளா" என்றாள். நான் யாரைப் போய்க் கேட்பேன், வைஸ்ராயையா. கடைசியில் வடிவுதான் இரண்டையும் தின்றாள்.

நீ மூன்று கடிதத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாய், வீடு எப்படி வந்தது, நான் வரைந்து அனுப்பியபடி கட்டினீர்களா என்று. நான் வீடு முடிந்தது, குடிவந்துவிட்டோம் என்று ஒரு வரியோடு நழுவிக்கொண்டே வந்தேன். காரணம் வேறொன்றும் இல்லை, வெட்கம்தான். நேற்று உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "பெத்த பிள்ளைகிட்ட மறைச்சு என்ன செய்யப் போறிய, நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றாள். இன்றைக்கு மில் லீவு, மழையும் விட்டிருக்கிறது, எழுத உட்கார்ந்துவிட்டேன். நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

போன கார்த்திகையில் உன் படம் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெங்காயச் சருகு மாதிரி மூன்று தாள், கோடெல்லாம் தலைமயிர் கனத்தில், ஒவ்வொரு சுவருக்கும் அடி, அங்குலம் போட்டு, பட்டாளத்துத் தபாலைப் படித்துப் பார்க்கிறவர்கள் குத்திய ஊதா முத்திரை சரியாக அடுக்களைமேல் விழுந்திருந்தது. ஊர்ப் பெயரை எழுதவிட மாட்டார்கள், ஈச்ச மரமும் மண் வீடுகளும் உள்ள ஊர் என்று மட்டும் எழுதியிருந்தாய். அங்கே ஒன்றரை முழத் தடிமனில் மண் சுவர் வைத்து, மேலே மரத்தைப் பரப்பி, பாயை விரித்து, மண்ணைக் கொட்டித் தட்டையாகக் கூரை போடுகிறார்கள், உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்கினதுபோலக் குளிர்ச்சி என்று எழுதி, அதே மாதிரி நமக்கும் வரைந்திருந்தாய். சிமெண்டு வேண்டாம், இரும்பு வேண்டாம், இரண்டும் பர்மிட் இல்லாமல் கிடைக்காத காலத்தில் நம் கையாலேயே கட்டிக்கொள்ளக்கூடிய வீடு. நான் அந்தத் தாளை மில்லுக்கு எடுத்துப்போய்ப் பார்சி மாஸ்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "முத்து, யே தோ இஞ்சினேர் ஹோ கயா" என்றார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. படிப்பு ஐந்தோடு நின்ற ஃபிட்டர் மகன் இஞ்சினியராகிவிட்டான் என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட மனிதர் சொன்னால் வேறென்ன செய்வது.

தாராவி ரூமை இடித்துத் தோல் கிடங்கு கட்டப் போகிறோம், வைகாசிக்குள் காலி செய்யுங்கள் என்று சொந்தக்காரர் சொன்னதும், நீ அனுப்பியதையும் நான் சேர்த்ததையும் போட்டு இங்கே நிலம் வாங்கியதும் உனக்குத் தெரியும். செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி வரப்பு வழியாக அரை மணி நடக்க வேண்டும். சுற்றிலும் வயல், நாலைந்து மாமரம், அப்புறம் ஆக்ரி ஜனங்களின் வீடுகள் இருபது. நெல்லும் போடுவார்கள், உப்பளத்துக்கும் போவார்கள். நமக்கு அடுத்த வீட்டுக்காரி பெயர் கோண்டாபாய், உன் அம்மா வயசு, வாயைத் திறந்தால் மராத்தி, மூடினால் வெற்றிலை. உன் அம்மாவுக்கு மராத்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, முதல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேலை தொடங்கும் முன் உன் அம்மா, எனக்குக் காகிதத்தில் இருக்கிற வீடு புரியவில்லை, தரையில் போட்டுக் காட்டுங்கள் என்றாள். மேலப்பாளையத்து முகைதீன் கொத்தனாரை உனக்கு ஞாபகம் இருக்கும், தாராவியில் நம் சந்துக்கு எதிர்ச் சந்து. அவன், வடிவு, நான் மூன்று பேரும் கயிறு பிடித்து, முளை அடித்து, உன் படத்தை அடிக்கு அடி அப்படியே சுண்ணாம்புப் பொடியில் நிலத்தின்மேல் போட்டோம். வடிவுதான் அளவுகளைப் படித்தாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. உன் அம்மா செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வாசல் கோட்டு வழியாக உள்ளே போனாள். சுவர்க் கோட்டைத் தாண்டவே இல்லை, சுற்றிக்கொண்டு வாசல் இருக்கிற இடத்துக்கு வந்துதான் அடுத்த ரூமுக்குப் போனாள். அடுக்களையில் குத்தவைத்து அடுப்பு ஊதினாள், எழுந்து திரும்பிக் குடத்தை எட்டினாள், பெரிய ரூமில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, முகைதீன் சிரிக்கவில்லை. உன் அம்மா எழுந்து வந்து, "அடுப்ப இங்க வச்சா மழைக்காலத்துக் காத்துல புகையெல்லாம் படுக்கிற எடத்துக்குப் போவும், தென்மேற்க விட்டு வடமேற்குக்கு மாத்துங்க. கொமருப்பிள்ள இருக்க வீட்டுல குளிக்க ஒரு மறைவு போடாம விட்டுட்டானே, பட்டாளத்துல ஆம்பிளைகளாப் பாத்து மறந்து போச்சு போல" என்றாள். இரண்டும் நியாயம்தான், மாற்றினோம். தரையை இடுப்பளவு உயர்த்துங்கள், கல்லிலே கட்டுங்கள் என்றாள். அதற்கு நான் முகம் சுளித்தேன், அவ்வளவு கல்லுக்கு எங்கே போவது. முகைதீன், "வெயிலு, ஒம் பொண்டாட்டி சொல்லுதது நெசம் வே, இந்த வயலு மழைல முங்கும்" என்று அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். மலையடியில் கல் உடைக்கிற இடத்தில் உடைசல் கல்லை அள்ளிக்கொள்ள விட்டார்கள், மாசி பங்குனி இரண்டு மாதமும் கோண்டாபாய் வீட்டு வண்டியில் அதைத்தான் இழுத்தோம்.

கூரை விஷயத்தில்தான் சண்டை வந்தது. உன் அம்மா தட்டைக் கூரை கூடாது என்றாள். அவள் சும்மா சொல்லவில்லை, கோண்டாபாயோடு இந்த ஊரில் இருபது வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எல்லா வீட்டிலும் மேற்குப் பக்கச் சுவர் மண் இல்லை. காரவி என்று விரல் கனத்தில் ஒரு குச்சி, மலையில் வெட்டிக்கொண்டு வருவார்கள், அதை நெருக்கி நிறுத்தி மூங்கில் பத்தையால் கட்டி இரண்டு பக்கமும் சாணியும் மண்ணும் பூசியிருக்கிறது. நனைந்தாலும் கனக்காது, பூச்சு போனால் மறுபடி பூசிக்கொள்ளலாம். மேலே சரிந்த ஓடு, அது சுவரைத் தாண்டி மூன்று முழம் வெளியே நீண்டு நிற்கிறது. "நம்ம பய இருக்க ஊர்ல மழ இல்ல, அவன் அந்த ஊருக்கு வரைஞ்சிட்டான். நம்ம சீமையிலயும் மழ கொஞ்சந்தான். இங்க பெய்யிற மழைக்கு ஆத்துக்குள்ள மண்ணக் கொட்டுன மாதிரிதான்" என்று சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகன் இஞ்சினியர் மாதிரி அளவெடுத்து அனுப்பியிருக்கிறான், உப்பு வாருகிறவர்கள் வீட்டைப் பார்த்து மாற்றச் சொல்கிறாயா என்று கேட்டேன். அந்த வார்த்தையை எழுதவே இப்போது கை கூசுகிறது. அவள் படத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கோண்டாபாய்க்கு நாங்கள் சண்டை போடுவது மட்டும் புரிந்தது, வானத்தைக் காட்டி, "பாவூஸ் யேயில், மக் களேல்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை வரட்டும், அப்போது தெரியும் என்று அர்த்தமாம், அர்த்தத்தை வடிவு எனக்கு மெதுவாகச் சொன்னாள்.

பங்குனி கடைசியிலிருந்து சுவர் எழும்பியது. குளத்தங்கரை மண்ணை மிதித்துப் புளிக்கவைத்து, உமியும் வைக்கோலும் சேர்த்து, பச்சைக் கல் அறுத்து வெயிலில் காயப்போட்டு நாமே அடுக்கினோம். நான் மில்லுக்குப் போன நாளெல்லாம் உன் அம்மாவும் வடிவும்தான் செய்தார்கள், வேலை ஆள் என்று ஒருவரும் கிடையாது, முகைதீன் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்ப்பான். வைகாசி பிறக்கும்போது கூரையும் போட்டாகிவிட்டது, பனைமரத்தை இரண்டாகப் பிளந்து பரப்பி, பாய், அதன்மேல் ஒரு சாண் மண், தட்டையாக, உன் படத்தில் உள்ளபடியே. தாராவி ரூமைக் காலி பண்ணிக் குடிவந்தோம். மொட்டை வெயிலில் உள்ளே நுழைந்தால் நீ சொன்ன கிணற்றுக் குளிர்ச்சி. பார்த்தாயா என்று உன் அம்மாவைக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு என்றாள்.

வைகாசி இருபத்தெட்டாம் தேதி, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மேற்கே கறுத்தது. முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் வாசலில் நின்று சந்தோஷமாகப் பார்த்தோம். அப்புறம் மழை சாய்ந்து அடிக்க ஆரம்பித்தது, தாராவியில் இருந்தவரைக்கும் நாம் மழையைத் தெருவில்தான் பார்த்தோம், வெட்டவெளியில் அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. மேலே கொட்டின மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது, பனைக்கட்டை முனகும் சத்தம் கேட்டது, நான் அதை இடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வடிவு அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உன் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றவள் ஓடி, வடிவின் சடையைப் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே இழுத்தாள். அடுக்களை மேற்குச் சுவர் அடியிலிருந்து குழைந்து, சோற்று உருண்டை சாம்பாரில் கரைவதுபோல, சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. சத்தம் கூரை விழுந்தபோதுதான் வந்தது. வடிவு துலக்கிக்கொண்டிருந்த இடத்தில் இடுப்பளவு மண். மகனே, அதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது, பிள்ளை நன்றாக இருக்கிறாள், முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நான் மழையில் அப்படியே நின்றேன். கோண்டாபாய் வீட்டுக்காரரும் இன்னும் ஐந்தாறு பேரும் நான் கூப்பிடாமலேயே ஓடிவந்து, ஏணி வைத்துப் பெரிய ரூம் கூரைமேல் ஏறி, ஈர மண்ணை மண்வெட்டியால் தள்ளிக் கீழே கொட்டினார்கள். கனம் குறைந்ததால் அந்தக் கூரை விழாமல் நின்றது. உப்பு வாருகிறவர்கள் என்று நான் சொன்னேனே, அவர்கள்தான். அன்று சாயந்தரம் கோண்டாபாய் வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் மாற்றுத் துணியும் சுடச்சுடக் கஞ்சியும் கொடுத்தார்கள். நான் உன் அம்மாவிடம், நீ சொன்னதைக் கேட்டிருந்தால் என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை. மடியிலிருந்து உன் படத்தை எடுத்துக் காட்டி, "இது நனையல. அத விடுங்க, இப்ப எழும்பி என்கூட வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். கோண்டாபாய் வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் தென்னங்கீற்றைத் தூக்கிக் காட்டினாள். மங்களூர் ஓடு. அடுக்கு அடுக்காக, உடையாத ஓடு. ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய கிடங்கைப் பிரித்தபோது இவளும் வடிவும் ஒரு மாதம் ஓடு இறக்கி அடுக்குகிற வேலைக்குப் போயிருக்கிறார்கள், கூலி வேண்டாம், ஓடாகக் கொடுங்கள் என்று கேட்டு, தலைச்சுமையாகச் சுமந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். நான் மில்லில் இருக்கும் நேரத்தில். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க சண்ட போடுவிய, ஓடு சண்ட போடாதுல்லா" என்றாள்.

அடுத்த பதின்மூன்று நாள் இந்த வீட்டுக்கு உன் அம்மாதான் மேஸ்திரி. மில்லில் லீவு சொல்லிவிட்டு நான் அவள் சொன்ன வேலையைச் செய்தேன். மழை விடுகிற நேரத்தில் வேலை, வருகிற நேரத்தில் கோண்டாபாய் வீட்டில் மூங்கில் பிளப்பது. விழுந்த பனைக்கட்டையையே ஓட்டைத் தாங்கும் கைமரமாக்கினோம். முகைதீன் வேலை போனாலும் போகட்டும் என்று நாலு நாள் இங்கேயே தங்கினான். காரவிக் குச்சி ஊரில் யார் யார் வீட்டில் மிச்சம் இருந்ததோ அது நம் முற்றத்துக்கு வந்துவிட்டது. குச்சி கட்டுவதற்குக் கோண்டாபாய் கற்றுக்கொடுத்தாள், உன் அம்மா அதில் ஒரு மாற்றம் செய்தாள், அடியில் குச்சி மண்ணில் நிற்காமல் கல் தளத்தின்மேல் ஒரு கட்டையில் நிற்கும்படி வைத்தாள், அப்போது கறையான் ஏறாது, அடி மக்காது. அதைப் பார்த்துக் கோண்டாபாயின் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒருமுறை உன் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனி பத்தாம் தேதி வாக்கில் ஓடு மேய்ந்து முடித்து உள்ளே வந்தோம். அதற்கப்புறம் ஆடி முழுவதும் எப்படிப் பெய்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வயலெல்லாம் கடல், நம் வீடு அதில் தோணி மாதிரி நின்றது, தரையில் படுத்தால் முதுகில் ஈரம் தட்டவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே ரூமில், ஒரு ஜன்னலில் குடித்தனம் நடத்திய பொம்பளைக்குள் இத்தனை பெரிய வீடு இருந்திருக்கிறது, நான் கூடவே இருந்தும் பார்க்கவில்லை. இப்போது மில்லில் யாராவது வீடு கட்டப் போகிறேன் என்றால் நான் முந்திக்கொண்டு, என் வீட்டுக்காரி இசக்கியம்மாளைக் கேட்டுக்கொண்டு கட்டு என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உண்மையிலேயே வந்து கேட்டுவிட்டும் போனார்கள்.

நீ மனசை விட்டுவிடாதே. உன் படத்தில் தப்பு இல்லை, மழை உன் படத்துக்குள் இல்லை, அவ்வளவுதான். கிழக்கிலும் தெற்கிலும் உன் தடித்த மண் சுவர் அப்படியே நிற்கிறது, ஒரு விரிசல் இல்லை. நீ எதிரெதிராகப் போட்டிருந்த ஜன்னலைத் தரையிலிருந்து ஒன்றரை முழத்தில், உட்கார்ந்த ஆள்மேல் காற்றுப் படுகிற மாதிரி, நீ போட்ட அளவிலேயே வைத்தோம். சூடு வெளியேறக் கூரைக்குக் கீழே நீ விடச் சொன்ன துவாரத்தையும் விட்டோம். இந்த ஊர் வீடுகளில் பகலிலும் இருட்டு, புகை கண்ணைக் கரிக்கும். கோண்டாபாய் மருமகள் பிள்ளைத்தாய்ச்சி, பொழுதெல்லாம் இருமிக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் வந்து ஜன்னலடியில் உட்கார்ந்து பழகிவிட்டு, மாமியாரை நச்சரித்து அவர்கள் வீட்டுச் சுவரிலும் அதே அளவில் இரண்டு ஜன்னல் திறக்கவைத்துவிட்டாள். போன வாரம் இன்னொரு வீட்டார் வந்து அளவெடுத்துப் போய் அவர்களும் திறந்துவிட்டார்கள். யார் வைத்த ஜன்னல் என்று கேட்டார்களாம், உன் அம்மா, எம் மவன் வச்சது என்று மராத்தியிலேயே சொன்னாள். எங்கேயோ ஈச்ச மரத்தடியில் உட்கார்ந்து நீ இழுத்த கோடு இங்கே மூன்று வீட்டில் காற்றாக வருகிறது, தகப்பனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

மற்றபடி சங்கதி ஒன்றும் இல்லை. வடிவு தானே ஒரு படம் வரைந்திருக்கிறாள், கோழிக்கூடு, அதற்கும் அடி அங்குலம் எல்லாம் போட்டிருக்கிறாள், உன் பார்வைக்கு இதோடு வைத்திருக்கிறேன், தப்பு இருந்தால் திருத்தி எழுது, சிரிக்காதே. அங்கே சண்டை முடிந்துவிட்டது என்று கூட்டாளிகளோடு கூத்தடித்துக் கையில் இருப்பதைக் கரைத்துவிடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பல்வலி என்று எழுதியிருந்தாயே, பட்டாளத்து டாக்டரிடம் காட்டினாயா, காட்டாமல் கிராம்பை வைத்து ஓட்டுகிறாய் என்று உன் அம்மா அடித்துச் சொல்கிறாள். கப்பல் எந்தத் தேதி என்று தெரிந்த அன்றே எழுது, தாராவி விலாசத்துக்கு எழுதாதே, மேலே உள்ள விலாசத்துக்கு எழுது, தபால்காரர் வரப்பு வழியாக வந்துவிடுகிறார்.

மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும். முன்வாசலுக்கு நிலை இன்னும் வைக்கவில்லை, சாக்குத்தான் தொங்குகிறது, ஆசாரி புரட்டாசியில் வருகிறேன் என்றிருக்கிறார். நீ இங்கிருந்து போகும்போது பதினெட்டு முடியவில்லை, என் காது மட்டத்துக்கு இருந்தாய். நீ அனுப்பின போட்டோவில் பக்கத்தில் நிற்கிறவர்கள் எவ்வளவு உயரம் என்று தெரியாததால் உன் உயரமும் தெரியவில்லை. சுவரில் சாய்ந்து நின்று யாரையாவது கோடு போடச் சொல்லி அடி அங்குலம் எழுதி அனுப்பு. நான் ஓட்டு இறக்கத்துக்குத் தக்கபடி நிலையைக் குட்டையாக வைத்துவிடலாம், எல்லாரும் குனிந்து வரட்டுமே என்றேன். அதற்கு உன் அம்மா, "நாலு வருசமா அடுத்தவன் வாசல்ல குனிஞ்சு போயிட்டு வாறான், எம் பிள்ள அவன் வீட்டுக்குள்ள நிமிந்துதான் வரணும், அதுக்கு நாலு ஓட்டத் தூக்கணும்னா நான் தூக்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

சுடலைமாடசாமி உன் கூடவே இருந்து நோய்நொடி இல்லாமல் கப்பலேற்றி அனுப்பட்டும் என்று நாங்கள் இருவரும் கும்பிட்டுத் திருநீறு மடித்து வைத்திருக்கிறோம், நெற்றியில் இட்டுக்கொள். தீர்க்காயுசாக இரு.

உன் வரவுக்காக வாசலை அளக்காமல் வைத்திருக்கும்
அப்பா
ஆ. வெயிலுமுத்து